ஓர் ஆர்டர் சமையலறைக்குள் எப்படிப் பிரிகிறது: திரை, பிரிண்டர் பற்றிய எளிய விளக்கம்

கேட்ட உணவு மேசைக்கு வரவில்லை என்றால், சிங்கப்பூர் உணவகங்களில் முதல் பழி ஆர்டர் சீட்டை அச்சிடும் சமையலறைப் பிரிண்டர் மீதுதான் விழுகிறது. "பிரிண்டர் மக்கர் பண்ணுது" என்று பரிமாறுபவர் சொல்வார். மேற்பார்வையாளர் அதை அணைத்து மறுபடி போடுவார். பராமரிப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி அழைப்பு போகும். அப்படி வரும் புகார்களில் பலவற்றில் பிரிண்டருக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. அந்த உணவு எந்த அடுப்புக்குப் போக வேண்டும் என்பதைக் கணினியில் யாரும் எழுதி வைக்காததே காரணமாக இருக்கும்.

இதே குழப்பம் இன்னொரு வடிவத்திலும் வருகிறது. தாளை எடுத்துவிட்டு, ஆர்டரைக் காட்டும் திரையை மாட்டினால் தவறுகள் நின்றுவிடும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் உண்டு. திரை வந்த பிறகும் தந்தூரி அடுப்புக்குப் போக வேண்டிய நான் ரொட்டி தோசைக்கல் பக்கத்துத் திரையில் தோன்றினால், பழைய தவறு புதிய கண்ணாடியில் தெரிகிறது என்றுதான் பொருள். ஆர்டரைப் பிரிக்கும் வேலையைப் பிரிண்டரும் செய்வதில்லை, திரையும் செய்வதில்லை. உணவுப் பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் நேரே எழுதப்பட்டிருக்கும் ஒரு முடிவுதான் அதைச் செய்கிறது. அந்த முடிவு எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடை நடத்துபவர்களும் மேற்பார்வையாளர்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

ரசீது வேறு, சமையலறைச் சீட்டு வேறு

உணவகத்தில் ஆர்டரைப் பதிவு செய்யும் கணினியை விற்பனை முனையம் என்கிறோம். கடைகளில் எல்லோரும் பி.ஓ.எஸ். என்றே சொல்வார்கள். பரிமாறுபவர் கையிலுள்ள கருவி, கல்லாவில் இருக்கும் திரை, மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை வாடிக்கையாளரே ஸ்கேன் செய்து திறக்கும் பக்கம் என எந்த வழியில் வந்தாலும், ஆர்டர் முதலில் இந்த முனையத்தில் ஒரே பதிவாகச் சேர்கிறது.

அந்த ஒரே பதிவிலிருந்து இரண்டு வகைத் தாள்கள் வெளிவருகின்றன. வாடிக்கையாளருக்குரிய ரசீதில் விலையும், வசூலிக்கும் கடைகளில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரியும் வரிசையாக இருக்கும். அடுப்படியில் நிற்பவருக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. மேசை எண், ஆர்டர் வந்த நேரம், எத்தனை தட்டு, என்ன உணவு, அதை எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்பவை மட்டும், கையில் எடுக்காமலேயே படிக்கும்படி பெரிய எழுத்தில் அவருக்கு வேண்டும். அதுவே சமையலறைச் சீட்டு.

முழு ஆர்டரையும் எல்லா அடுப்புகளுக்கும் நகலெடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் சமைக்கும் காப்பிக் கடை அங்காடிக்கு அது போதும். மூன்று பேர் மூன்று இடங்களில் சமைக்கும் உணவகத்தில், ஒவ்வொருவரும் முழுச் சீட்டையும் படித்துத் தம் பங்கைத் தேட வேண்டியிருக்கும். கூட்டம் நெரியும் நேரத்தில் ஒரு வரி கண்ணில் படாமல் போகும், அல்லது ஒரே பொரியலை இருவர் செய்துவிடுவார்கள்.

உணவுக்கு ஒரு குறியீடு

சிங்கப்பூரில் 1995 முதல் ஆறிலக்க அஞ்சல் குறியீடு நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டுகின்றன. முழு எண்ணும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தைச் சுட்டுகிறது. பஃபலோ சாலையில் புளோக் 665-ல் இருக்கும் தேக்கா நிலையத்துக்கு 210665 என்று எழுதினால் போதும். கடிதம் எங்கே போக வேண்டும் என்பதை வழியில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. உறையின் மீதுள்ள எண்ணே வழி நடத்துகிறது. எண் தவறாக இருந்தால் அஞ்சல் ஊழியர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடிதம் தவறான கட்டடத்துக்குத்தான் போகும்.

உணவுப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் உணவுக்கும் இப்படிப்பட்ட ஒரு குறியீடு இருக்கிறது. 'மசால் தோசை' என்ற பொத்தானை அழுத்தும்போது, அதன் பெயரும் விலையும் மட்டுமன்றி, 'இதைச் செய்ய வேண்டியது தோசைப் பகுதி' என்ற தகவலும் அதனோடு சேர்ந்து வருகிறது. ஒரு வகை வேலை நடக்கும் இடத்தைச் சமையலறையில் 'பகுதி' என்று இந்தக் கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்: தோசை–புரோட்டாக் கல், குழம்பு அடுப்பு, தந்தூரி, பானங்கள். ஆர்டரின் ஒவ்வொரு வரியையும் அதற்குரிய பகுதிக்கு அனுப்பி வைப்பதே பிரித்தனுப்புதல்.

ஒரு மேசையின் ஆர்டர்

ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ளது போன்ற ஓர் உணவகத்தில், 12-ஆம் மேசையில் மூவர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீன் தலைக் கறி, இரண்டு முட்டைப் புரோட்டா, ஒரு மசால் தோசை, இரண்டு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கேட்கிறார்கள். ஒரு முட்டைப் புரோட்டாவில் வெங்காயம் கூடாது. ஒரு தே தாரிக்கில் இனிப்புக் குறைவாக, சியூ டாய். பரிமாறுபவர் 'அனுப்பு' பொத்தானை ஒரு முறைதான் அழுத்துகிறார். மூன்று இடங்களில் மூன்று சீட்டுகள் வருகின்றன. கல்லுக்கு வந்த சீட்டு இப்படி இருக்கும்:

தோசை–புரோட்டா
மேசை 12 | இரவு 7:42
1 முட்டைப் புரோட்டா
1 முட்டைப் புரோட்டா
   >> வெங்காயம் வேண்டாம்
1 மசால் தோசை

இரண்டு புரோட்டாக்களும் ஒரே வரியில் '2' என்று வராமல் தனித்தனி வரியில் வந்திருப்பதைக் கவனியுங்கள். குறிப்பு வேறுபட்டவுடன் கணினி அவற்றை வெவ்வேறு உணவாகவே கருதுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் இரண்டிலும் வெங்காயம் போடாமல் விட்டுவிடவோ, இரண்டிலும் போட்டுவிடவோ நேரும். குழம்பு அடுப்பில் வரும் சீட்டில் மீன் தலைக் கறி ஒன்று மட்டும் இருக்கும். பானங்கள் பகுதியில் சாதாரணத் தே தாரிக் ஒன்றும், சியூ டாய் ஒன்றும் இருக்கும். மூன்று சீட்டுகளிலும் பொதுவானவை மேசை எண்ணும் நேரமும் மட்டுமே. சமைத்த தட்டுகளைப் பரிமாறுபவர் எடுத்துச் செல்லும் 'பரிமாறும் மேசை'யில் அவை மறுபடி ஒன்று சேர்வது இந்த இரண்டு விவரங்களை வைத்துத்தான்.

இரண்டு பட்டியல்கள்

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோர் 'மசால் தோசை எந்தப் பிரிண்டரில் வரும்' என்று நேராகக் கேட்கிறார்கள். நன்றாக அமைக்கப்பட்ட முனையத்தில் அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது. விடை இரண்டு படிகளில் இருக்கும்.

முதல் பட்டியல் உணவையும் பகுதியையும் இணைக்கிறது. இருநூறு உணவுகளுக்கு ஒவ்வொன்றாக எழுதுவது சிரமம் என்பதால், உணவுகளை வகைகளாகக் கட்டி, 'தோசை வகைகள் எல்லாம் தோசைப் பகுதிக்கு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். விதிவிலக்கான உணவுக்கு மட்டும் தனியாக எழுதலாம். இரண்டாவது பட்டியல் பகுதியையும் கருவியையும் இணைக்கிறது: தோசைப் பகுதிக்கு இந்தப் பிரிண்டர், பானங்கள் பகுதிக்கு அந்தத் திரை.

இப்படி இரண்டாகப் பிரித்து வைப்பதன் பயன், ஏதாவது மாறும்போது தெரியும். புரோட்டாக் கல் பக்கத்துப் பிரிண்டர் பழுதாகிப் புதியது வாங்கினால் இரண்டாவது பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். உணவுகளைத் தொட வேண்டியதே இல்லை. மதிய நேரத்தில் ஆள் குறைவு, தந்தூரி வேலையையும் குழம்பு அடுப்பில் நிற்பவரே பார்க்கிறார் என்றால், அந்தச் சில மணி நேரத்துக்குத் தந்தூரிப் பகுதியின் சீட்டுகளைக் குழம்பு அடுப்பின் பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக, உணவிலிருந்து நேராகப் பிரிண்டருக்கு எழுதி வைத்த கடைகளில் இந்தச் சிறிய மாற்றத்துக்கே ஒரு பிற்பகல் வீணாகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: ஆர்டர் ஒரே பதிவாக முனையத்தில் சேர்கிறது, அதன் ஒவ்வொரு வரியும் தனக்குரிய பகுதியைத் தேடிப் போகிறது, அந்தப் பகுதியில் தாள் வருகிறதா, திரையில் எழுத்து வருகிறதா என்பது அதற்குப் பிறகு தீர்மானமாகும் விஷயம்.

சிக்கல் எழும் இடங்கள்

செட் உணவு மிகுதியான தொல்லை தருகிறது. 'நான், பட்டர் சிக்கன், மாம்பழ லஸ்ஸி' மூன்றும் சேர்ந்து ஒரே விலை என்று வைத்தால், ரசீதில் அது ஒரு வரி. சமையலறைக்கோ அது மூன்று வேலை, மூன்று பகுதி. செட்டுக்கு மட்டும் குறியீடு கொடுத்துவிட்டு உள்ளே உள்ளவற்றுக்குக் கொடுக்க மறந்தால், முழுச் செட்டும் குழம்பு அடுப்பில் அச்சாகும்; அங்கே நிற்பவர் வாயால் கூவிச் சொன்னால்தான் தந்தூரிக்காரருக்கும் பானம் கலக்குபவருக்கும் தெரியும். அவர் கூவ மறக்கும் அன்று லஸ்ஸி வராது. செட்டின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றும் தனி உணவாகவே பதிவாகி, தனக்குரிய பகுதியைச் சுமக்க வேண்டும்.

'காரம் குறைவு', 'நெய் சேர்த்து', 'கோசோங்' (எதுவும் சேர்க்காமல்) போன்றவற்றை மாற்றக் குறிப்பு என்போம். இவை எப்போதும் தாம் சார்ந்த உணவோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'கூடுதலாக ஓர் அப்பளம்' என்பது பார்க்கக் குறிப்பைப் போல் இருந்தாலும், வேறொரு பகுதி செய்ய வேண்டிய உணவு. அதைக் குறிப்பாகப் பதிந்தால் பொரிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவற்றை ஒரே உணவின் குறிப்பாக எழுதுவதும் போதாது. அந்த மேசைக்குச் சமைக்கும் எல்லாப் பகுதிகளின் சீட்டிலும் அது வர வேண்டும். இதில் அலட்சியம் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும். முனையம் வாங்கும்போதே முழு ஆர்டருக்கான குறிப்பு எல்லாச் சீட்டுகளிலும் அச்சாகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தபாவ், அதாவது பொட்டலமாக வாங்கிச் செல்லும் ஆர்டருக்கு இன்னொரு நிறுத்தம் உண்டு. அதே தோசை, அதே கல். ஆனால் பொட்டலம் கட்டுபவருக்கு முழு ஆர்டரும் ஒரே சீட்டில் வேண்டும். சட்னியும் சாம்பாரும் சேர்ந்திருக்கின்றனவா என்று அவர்தான் சரிபார்க்கிறார். ஆகவே தபாவ் என்று பதிந்தவுடன், பகுதிச் சீட்டுகளோடு ஒரு முழுச் சீட்டும் பொட்டல மேசைக்குப் போகும்படி அமைக்க வேண்டும்.

சமைக்கத் தொடங்கிய பின் ரத்தாகும் உணவும் இருக்கிறது. அச்சான தாளைத் திரும்பப் பெற முடியாது என்பதால், 'ரத்து' என்று பெரிதாக எழுதிய இன்னொரு சீட்டு அதே பகுதிக்குப் போகிறது. திரையில் அந்த வரி அடிக்கப்பட்டுக் காட்டப்படும்.

பிரிண்டர் செய்வது என்ன

சமையலறைப் பிரிண்டர் தானாக எதையும் யோசிப்பதில்லை. கடையின் உள் வலையமைப்பில் அதற்கு ஓர் எண் உண்டு, அதை ஐ.பி. முகவரி என்பார்கள். அந்த முகவரிக்கு வந்ததை அது அச்சடிக்கிறது, அவ்வளவுதான்.

கல்லாவில் இருப்பது பெரும்பாலும் வெப்ப அச்சு வகை: மை இல்லை, சூடு பட்டால் கறுக்கும் தாளில் சூட்டால் எழுதுகிறது. அதே தாளை அடுப்புக்கு மேலே செருகி வைத்தால், அனல் பட்டுத் தாள் முழுவதும் கறுத்து எழுத்து மறைந்துவிடும். எனவே அனல் அதிகமுள்ள பகுதிகளுக்கு, மை நாடாவின் மேல் ஊசியால் தட்டி எழுதும் பழைய வகைப் பிரிண்டர் இன்றும் ஏற்றது. சாதாரணத் தாள் போதும்; கறுப்பு–சிவப்பு நாடாவால் குறிப்புகளைச் சிவப்பில் காட்டலாம்; அது எழுப்பும் கிரீச் ஒலியே ஆர்டர் வந்ததைச் சொல்லிவிடும். வெப்ப அச்சு வகை சத்தமின்றி வேலை செய்வதால் அதற்குத் தனியாக ஒலிமணி பொருத்துகிறார்கள்.

தமிழில் சீட்டு வருமா என்ற கேள்வியை நம் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து இங்கே அடுப்படியில் நிற்பவர்களில் பலர் தமிழில்தான் விரைவாகப் படிக்கிறார்கள் என்பதால் கேள்வி நியாயமானது. பிரிண்டருக்குள் பதிந்திருக்கும் எழுத்துகளில் ஆங்கிலம் இருக்கும், ஆசியச் சந்தைக்கு வரும் பல மாதிரிகளில் சீனமும் இருக்கும். தமிழ் பொதுவாக இருக்காது. அதனால் தமிழ்ப் பெயரை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளே வரும். முனையம் அந்த வரியை ஒரு படமாக மாற்றி அனுப்பினால் தமிழ் சரியாக அச்சாகும், வேகம் மட்டும் சற்றுக் குறையும். ரசீதுக்கு ஆங்கிலப் பெயர், சமையலறைக்குத் தமிழ்ப் பெயர் என ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு பெயர் வைக்கப் பல முனையங்கள் இடம் தருகின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாத கடைகள் நிறைய இருப்பது எனக்கு வருத்தம்.

திரை கூடுதலாக அறிவது

தாள் அச்சாகி வெளியே வந்தவுடன் கணினிக்கும் அந்தச் சீட்டுக்கும் உறவு முடிந்துவிடுகிறது. சமைத்தார்களா, கீழே விழுந்ததா, எதுவும் அதற்குத் தெரியாது. திரையில் உறவு தொடர்கிறது. ஆர்டர் எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது என்பதைத் திரை எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த நேரம் கடந்தால் கட்டத்தின் நிறம் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். சமைத்து முடித்தவர் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டம் மறைந்து, பரிமாறும் மேசைத் திரையில் 'தயார்' என்று காட்டும். கையில் எண்ணெயும் மாவும் ஒட்டியிருக்கும் இடத்தில் தொடுதிரை சரிப்படாது. அதற்கென்றே தடித்த பொத்தான்கள் கொண்ட தனிப் பலகை கிடைக்கிறது.

திரையின் இன்னொரு பயன் கூட்டிச் சொல்வது. ஐந்து மேசைகளில் சிதறிக் கிடக்கும் புரோட்டாக்களைச் சேர்த்து 'மொத்தம் 11' என்று காட்டினால், கல்லில் நிற்பவர் ஒரே வீச்சில் போட்டு எடுக்கலாம். தாளில் அதை அவரே மனத்தில் கூட்ட வேண்டும். சில அமைப்புகள் சமைக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்கின்றன: மீன் தலைக் கறி கொதித்து வர நேரமாகும் என்பதால் அதை உடனே காட்டிவிட்டு, சில நிமிடங்களில் முடியும் தோசையைப் பிறகு காட்டி, இரண்டும் சூடாக ஒன்றாகப் போய்ச் சேரும்படி செய்கின்றன.

ஆனாலும் எல்லாக் கடைக்கும் திரை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தாள் தட்டோடு சேர்ந்து பயணிக்கும், பொட்டலத்தில் ஒட்டலாம், எந்தப் பயிற்சியும் தேவையில்லை. 'முடிந்தது' பொத்தானை அழுத்தும் பழக்கம் வராத சமையலறையில், பரிமாறி முடிந்த ஆர்டர்கள் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். அப்போது அந்தத் திரை தாளைவிட மோசமாகிவிடுகிறது. கல்லிலும் குழம்பிலும் திரை, பொட்டல மேசையில் பிரிண்டர் என்று கலந்து வைப்பதே நடுத்தர உணவகங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து வரும் ஆர்டர்கள்

கிராப்ஃபுட், ஃபுட்பாண்டா போன்ற உணவு விநியோகத் தளங்களின் ஆர்டர்கள் தனித்தனி டேப்லெட்டில் வந்து, ஒருவர் அதைப் பார்த்து முனையத்தில் மறுபடி தட்டினால், தட்டும் பிழைகளும் சேர்ந்தே வரும். தளத்தை முனையத்தோடு இணைத்துவிட்டால் ஆர்டர் நேராக உள்ளே வரும். ஆனால் தளத்தின் பட்டியலில் உள்ள 'நெய் ரோஸ்ட்'தான் முனையத்தின் 'நெய் ரோஸ்ட்' என்று ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். தளத்தில் மட்டும் புதிதாகச் சேர்த்த உணவு, பொருத்தப்படாமல் பகுதியின்றி வந்து நிற்கும். பணம் வாங்கியாகிவிடும், சமையலறையில் ஒரு சத்தமும் இருக்காது.

உணவு வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

குறிப்பிட்ட ஓர் உணவு மட்டும் ஒவ்வொரு முறையும் வராமல், அதே பகுதியின் மற்ற உணவுகள் ஒழுங்காக வந்தால், பிரிண்டரைத் தொட வேண்டாம். முதல் பட்டியலைத் திறந்து அந்த உணவுக்குப் பகுதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பகுதியின் எல்லா உணவுகளும் வரவில்லை என்றால், அப்போதுதான் கருவியைப் பார்க்க வேண்டும்: தாள் தீர்ந்ததா, மூடி சரியாக மூடியதா, கம்பி கழன்றதா. மின்சாரம் போய் வந்த பிறகு இது தொடங்கியது என்றால் முகவரியைச் சந்தேகிக்கலாம். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுக்காமல் விட்டால், வலையமைப்புக் கருவி மீண்டும் இயங்கும்போது அதற்கு வேறு எண் கிடைக்கக்கூடும். முனையம் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு வலையமைப்பிலோ முனையத்திலோ இருக்கிறது.

இணையம் துண்டித்தால் சமையலறையும் நின்றுவிடுமா என்பது முனையத்தைப் பொறுத்தது. கடைக்குள்ளேயே ஆர்டரைப் பிரிக்கும் முனையம், இணையம் இல்லாவிட்டாலும் உள் வலையமைப்பின் வழியே சீட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லா வேலையையும் இணையத்தின் வழியே வெளியிலுள்ள சர்வர் கணினியில் செய்யும் முனையத்தால் அது முடியாது. வாங்குவதற்கு முன் விற்பவரின் கண் எதிரிலேயே இணையக் கம்பியைப் பிடுங்கி, ஓர் ஆர்டர் போட்டுப் பார்ப்பது நல்லது.

தாள் தீரும்போது நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிண்டர் 'தாள் இல்லை' என்று முனையத்துக்குச் சொல்கிறது. முனையம் சீட்டுகளைத் தேக்கி வைக்கிறது. பரிமாறுபவர் பொறுமை இழந்து அதே ஆர்டரை மறுபடி பதிந்தால், புதிய தாள் போட்டவுடன் இரண்டும் வரிசையாக அச்சாகி, ஒரு மேசைக்கு இரண்டு மீன் தலைக் கறி கொதிக்கும். மறுபடி பதிவதற்குப் பதில் 'மறு அச்சு' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், சீட்டின் தலையில் 'மறு அச்சு' என்றே எழுதி வருவதால் சமைப்பவர் அடையாளம் கண்டுகொள்வார். இதைவிட நல்ல ஏற்பாடு மாற்றுப் பிரிண்டர்: தோசைப் பகுதியின் பிரிண்டர் பதில் தராவிட்டால் அதன் சீட்டுகள் தாமாகவே குழம்பு அடுப்பின் பிரிண்டருக்குப் போகும், மேலே 'தோசைப் பகுதிக்கு' என்று பெயர் தாங்கி. மாற்றுப் பிரிண்டரைக் குறிக்கும் வரி பல முனையங்களின் இரண்டாவது பட்டியலிலேயே இருக்கிறது. அதை நிரப்பிவிட்டு, கடை திறக்கும் முன் ஒரு பிரிண்டரின் கம்பியைக் கழற்றி, சீட்டு மற்றொன்றில் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தீபாவளிக்குப் புதிய உணவுகளைச் சேர்க்கும்போதும் இதே முறைதான்: ஒவ்வொன்றிலும் ஒன்று ஆர்டர் போட்டு, சரியான பகுதியில் சீட்டு வந்ததும் அவற்றை ரத்து செய்துவிட்டுக் கதவைத் திறக்கலாம்.